குதிரை உதைத்த கதவு

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

போன சித்திரையில் நடந்தது இது. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் தகடு வேலை செய்கிறேன். எடப்பாடிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். குதிரை ஏற்றுவதற்கென்று நாலு பக்கமும் தகடு அடித்த பெட்டி. கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா என்று குதிரையை வாடகைக்கு அனுப்புகிறவர் அவர். பங்குனியில் வாழப்பாடிப் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் போய்த் திரும்பும்போது, இந்தப் பெட்டிக்குள்ளேயே அவருடைய வெள்ளைக் குதிரை வெக்கை தாங்காமல் செத்துப்போயிருந்தது. வேறொரு குதிரை வாங்கிவிட்டார். கூரைமேல் ஏ.சி. வைத்துத் தர வேண்டும் என்றார்.

"இதையும் பறிகொடுக்க முடியாதுங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னார்.

வேலையைப் பார்த்துக்கொள்ள, குதிரையைப் பராமரிக்கும் ஆளைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போனார். அறுபது வயதிருக்கும். புளியமரத்தடியில் உட்கார்ந்தே இருப்பார். டிரெய்லர் பக்கம் வரமாட்டார்.

"ஏனுங்க பெரியவரே, குதிரைக்கு ஏ.சி. வந்துருச்சு. உங்களுக்கு ஒரு ஃபேனாச்சும் கேட்டு வாங்குனீங்களா?" என்று எங்கள் ஆட்கள் கேலி பேசினார்கள்.

"எனக்கெதுக்குங்க சாமி அதெல்லாம்" என்பதோடு சரி. அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

கூரைத் தகட்டைச் சதுரமாக வெட்டினோம். ஓட்டத்தில் ஆடாமல் எடையைத் தாங்க, அடியில் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்தோம். ரப்பர் பட்டை போட்டு ஏ.சி.யை உட்கார வைத்தோம். குளிர்ச்சி வெளியே போகக் கூடாது என்று பண்ணைக்காரர் சொன்னதால் ஜன்னல்களையும் தகடு வைத்து அடைத்தோம். கரண்டு கொடுக்கும் ஜெனரேட்டர் மட்டும் வரவில்லை. பின்கதவின் உள்பக்கம், கீழே, நிறையப் பள்ளங்கள் இருந்தன. கடைசியில் தட்டி நேராக்கிக்கொள்ளலாம் என்றார் மேஸ்திரி. அவை என்ன பள்ளங்கள் என்று நானும் யோசிக்கவில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மூடிய வண்டி எதுவானாலும் ஒருவன் உள்ளே போவான். இன்னொருவன் வெளியே கதவுக்குக் கொண்டி போடுவான். இருட்டில் எங்கே ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதோ அங்கே மழை ஒழுகும். அந்த இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுக் கதவைத் தட்டினால் திறந்துவிடுவான். அன்று மத்தியானம் நான் போனேன்.

"உள்ள போயித் தூங்கிப்போடாதீங்க மாமா!" என்று சிரித்துக்கொண்டே கூட வேலை செய்பவர் கொண்டி போட்டார்.

ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. நல்ல வேலை என்று எனக்குள் பெருமை. தட்டினேன். திறக்கவில்லை. லாரி கேபின் ஒன்றைத் தூக்க ஆள் போதாமல் கொண்டி போட்டவரை மேஸ்திரி கூப்பிட்டுக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. என் போன் வெளியே ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் இருந்தது. கத்தலாம்தான். கத்தினால் எல்லோரும் ஓடிவந்து சிரிப்பார்களே என்று கூச்சம். இதோ வந்துவிடுவார் என்று விரல் முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சித்திரை வெயில் தகட்டில் இறங்கியது. மூச்சு விட்டால் அதே சூடு முகத்தில் திரும்பி வந்தது. கத்தியே ஆக வேண்டும் என்றபோது தொண்டையில் குரல் இல்லை. இரண்டு கையாலும் அடித்தேன். பாடி கட்டும் பட்டறையில் தகடு அடிக்கிற சத்தத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? தலை சுற்றிக் கீழே விழுந்தேன். கதவடியிலாவது காற்று வருகிறதா என்று தடவியபோது கை அந்தப் பள்ளங்களில் பட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் குளம்பு அளவு. அதுவும் இங்கேதான் நின்று உதைத்திருக்கிறது.

மல்லாந்து படுத்து, அதே பள்ளங்களில் குதிகாலால் உதைத்தேன். இரண்டு உதை, கொஞ்சம் மூச்சு, மறுபடி உதை. எத்தனை நேரம் என்று தெரியாது.

கதவு திறந்தது. என்னை இழுத்து வெளியே போட்டவர் அந்தக் குதிரைக்காரர். மண்ணில் உட்கார்ந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார்.

"இதே சத்தந்தானுங்க சாமி... அன்னைக்கு ஜீப்புல முன்னால உக்காந்து கேட்டுட்டே வந்தனுங்க. எப்பவும் ஒதைக்கறதுதானேன்னு இருந்துட்டனுங்க."

ஓடிவந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் பண்ணைக்காரர் வந்தார். நான் வலியப் போய் ஒருவரிடம் பேசியது அன்றுதான். "ஜன்னலத் தெறந்து உட்டுரலாங்க" என்றேன்.

"குளிர்ச்சி போயிருமேப்பா?"

"ஏ.சி. நின்னு போச்சுன்னா குதிரைக்குச் சொல்ல வாயில்லீங்க. வாயிருந்த நானே சாகப் பாத்தேன்."

அவர் பின்கதவின் பள்ளங்களைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். அடைத்த தகடுகளை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடித்தோம்.

அன்றே குதிரைக்காரரையும் கூட்டிக்கொண்டு போன பண்ணைக்காரர், டிரெய்லரை எடுக்க வந்தபோது தனியாகத்தான் வந்தார். "இனி குதிரகிட்டயே வரமாட்டேன்னுட்டு வேலைய உட்டுட்டுப் போயிட்டாப்ல" என்றார். எனக்கு உயிர் கொடுத்த மனிதருக்கு ஒரு நல்ல வார்த்தைகூட நான் சொல்லவில்லை.

பள்ளம் விழுந்த கதவோடு வண்டி வெளியே போனால் பட்டறைக்குக் கெட்ட பெயர் என்று மேஸ்திரி சொன்னதால், அதைத் தட்டி நேராக்கியதும் நான்தான். இப்போது பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கே உதைக்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது செத்துப்போன அந்தக் குதிரைதான். அது விட்டுப்போன ஒரே அடையாளத்தை என் கையாலேயே அழித்துவிட்டேனே என்ற நினைப்பு, ஒவ்வொரு தகட்டிலும் சுத்தியல் விழும்போது வந்துவிடுகிறது.

எழுதி முடித்தது, கார்த்திகை முதல் செவ்வாய்க்கிழமை.