காற்றில் வைத்த செபமாலை

"தொட முடியாத கல்லறையக் காட்டுறதுக்கு எதுக்குலே கூப்ட்ட? பசிச்சு வந்தவனுக்குப் பிரியாணிப் படத்தக் காட்டுறியா?"

அந்தோணியார் திருவிழாவில் ஊரே பார்க்க அல்போன்சா இப்படிக் கத்தினாள். வாங்கிக் கட்டிக்கொண்டவன் பிராங்கிளின், அவள் கொழுந்தன் மகன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டு, வெளிநாட்டுப் பழைய கோவில்களையும் கோட்டைகளையும் நேரில் நிற்பதுபோலக் காட்டுகிற கடை போட்டிருந்தான்.

அல்போன்சா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளுவண்டியில் சிறுமலை வாழைப்பழம் விற்பவள். அழுகின பழத்தை யார் தலையிலும் கட்டமாட்டாள். பழத்தை அழுத்திப் பார்க்கிறவனைச் சும்மா விடவும் மாட்டாள். புருஷன் ஞானதாஸுக்குத் தொண்டையில் கட்டி வந்தபோது, பிழைத்தால் வெளிநாட்டில் இருக்கிற பதுவை நகரத்துக்கே போய் அந்தோணியார் கல்லறைமேல் தன் செபமாலையை வைத்து எடுப்பதாகப் பொருத்தனை செய்தார். பிழைத்தார். இன்றைக்கு நாளைக்கு என்றே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பொருத்தனை பெண்டாட்டி தலையில் விழுந்தது. அதைத் தீர்க்காவிட்டால் மனுஷன் மோட்ச வாசலிலேயே நிற்பார் என்று அவளுக்குப் பயம்.

'பதுவைக்கே போகலாம்' என்று பிராங்கிளின் சொன்னதும் அவர் செபமாலையோடு ஓடினாள். பெட்டியை மாட்டினான். முதலில் ஒரு கோட்டை வந்தது. அப்புறம் இன்னொரு கோட்டை.

"ஏலே, கோட்டை யாருக்கு வேணும்? நம்ம மலைக்கோட்டையே இருக்கு, ஏறத்தான் முட்டி இல்ல. கோவிலக் காட்டு."

"வரிசையாத்தான் வரும் பெரிம்மா. செத்த நேரம் பொறுங்க."

கோவில் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். தூண்கள், விளக்குகள், கடைசியில் கல்லறை. கைக்கெட்டுகிற தூரம்.

"வந்துட்டேன்யா" என்று முணுமுணுத்து, செபமாலையை அதன்மேல் வைத்துக் கையை எடுத்தாள்.

அது சேற்றில் விழுந்தது. பின்னால் நின்ற ஆள் மிதித்ததில் சிலுவை தனியாகக் கழன்றது.

"பெரிம்மா, அங்கன ஒண்ணுமில்ல, வெறும் காத்து!"

பெட்டியைப் பிடுங்கி அவன் கையில் திணித்துவிட்டுத்தான் அந்தப் பிரியாணிப் பேச்சைப் பேசினாள்.

"மனசால வச்சாப் போதும், அந்தோணியார் ஏத்துக்குவாரு" என்றான் அவன்.

"உங்க பெரியப்பா மனசாலயே ஒம்பது வருஷம் போயிட்டு வந்தாரு. நான் காலால போறேன்."

சிலுவையைக் கம்பி போட்டுக் கோர்த்தாள். அவள் பேர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருப்பதால் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. மூன்று தடவை அலைந்தாயிற்று. மூன்றாம் தடவை திரும்பி வருகிற வழியில், சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கி, செபமாலையை அதற்குள் வைத்துப் பூட்டினாள். எவ்வளவு சண்டை போட்டும் கடைக்காரன் ஆயிரத்து நானூறுக்குக் கீழே இறங்கவில்லை.