பாகவதர் பிறந்த வீடு

கரமனையில் எங்கள் தெருவில் வாழ்ந்த பாகவதருக்கு நாளை நூற்றாண்டு விழா. அவர் வீட்டு வாசலில் 'இங்கே பிறந்தார்' என்று கல் பதித்தாயிற்று. மந்திரி வந்து திறக்கிறார்.

இன்று மாலை பாகவதரின் கடைசித் தங்கை கல்லைப் பார்க்க வந்தார். படித்ததும் சிரிப்பு.

"தலைச்சனை யாராவது புக்காத்துல பெத்துப்பாளா? அண்ணா பொறந்தது அம்மாவாத்துல, கல்லிடைக்குறிச்சியில. இங்க பொறந்தது நான்தான்."

விழாக் கமிட்டிச் செயலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சாரமில்ல, பரவால்ல மாமி, நாளைக்கு ஒருநாள் அவர் இங்கயே பொறந்துட்டுப் போகட்டும்!"

நானும் தலைச்சன்தான். பிறந்தது அம்பாசமுத்திரம். இத்தனை நாள் கரமனைக்காரன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

தெரு நண்பர்களே, உங்களில் யாருக்குத் தைரியமாகக் கல் வைக்கலாம்?