தோண்டி அண்ணனின் காலை ஒன்பது மணி

எங்க ஆபீஸ்ல அவருக்குத் தோண்டி அண்ணன்னுதான் பேர். வெப்சைட் தெரியலை, மெயில் வரலைன்னு போன் பண்றவங்களுக்குப் பதில் சொல்றது எங்க பொழப்பு. நாங்கள்லாம் மவுஸைப் பிடிச்சுக்கிட்டு நாலு பக்கம் திறந்து திண்டாடுவோம். அவர் கறுப்புத் திரையில ஒரே வரி தட்டுவார். ‘டிக்’னு ஒரு கட்டளை, பக்கத்துல வெப்சைட்டோட பேர். அந்தப் பேர் எந்த மெஷினைக் காட்டுது, அதுக்கு வர்ற மெயில் எங்க போகுதுன்னு கடகடன்னு வந்து விழும். டிக்னா தோண்டுறதுதானே, பேர் ஒட்டிக்கிச்சு.

ஆளு சரியான சிடுமூஞ்சி. “ஒயரைப் பிடுங்கி வச்சுட்டு நெட் வரலைங்கிறான், இவனை என்ன பண்றது?”ன்னு போனை மியூட்ல போட்டுத் திட்டுவார். மறு நொடி, “சொல்லுங்க சார்”னு குழைவார். நானும் வாய்க்காரிதான், அதனால எங்களுக்குள்ள ஒத்துப்போச்சு.

தினமும் காலை ஒன்பது மணிக்கு, முதல் போன் வர்றதுக்கு முன்னாடி, ஒரே வெப்சைட் பேரைத் தட்டிப் பார்ப்பார். மெயில் போற இடம் காலியா இருக்கும். உச்சுக்கொட்டிட்டு மூடிடுவார்.

“என்னண்ணே, தினம் அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்களா?”ன்னு ஒருநாள் கேட்டுத் தொலைச்சேன்.

“என் வீட்டுப் பேரும்மா. இப்ப எவனோ வச்சிருக்கான்”னார்.

அவருக்கு ஒரே பொண்ணு. அம்மா செத்த மூணாம் நாள், அம்மாவை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலைன்னு அப்பாவோட சண்டை போட்டு, “இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்”னுட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு மெயில், அம்மா செத்த தேதியில. “நல்லா இருக்கேன். தேடாதீங்க.” அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் வேற வேற முகவரியிலிருந்து வரும். இவர் போட்ட பதில் எதுக்கும் சத்தமில்லை. வீடு மாறிட்டார், போன் நம்பரும் மாறிடுச்சு. அவ கையில இருக்கிறது குடும்பப் பேர்ல இவர் வாங்கி வச்ச அந்த மெயில் முகவரி ஒண்ணுதான்.

போன வருஷம் முதுகெலும்பு ஆபரேஷன். நாலு மாசம் படுக்கை, பாதி நாள் நினைவே இல்லை. வருஷா வருஷம் காசு கட்டி அந்தப் பேரைப் புதுப்பிக்க வேண்டிய தேதி அதுக்குள்ள வந்து போயிருச்சு, வேற எவனோ எடுத்துக்கிட்டான். புதுப்பிக்கச் சொல்லி வர்ற நோட்டீஸுக்கு அதே பேர்ல இருக்கிற மெயிலைக் கொடுக்காதீங்க, பேர் போனா நோட்டீஸும் சேர்ந்து போயிரும்னு கஸ்டமர்கிட்ட நாங்க பாடாத நாளில்லை. ஊருக்கெல்லாம் பாடின மனுஷன் தன் வீட்டுக்கு அதையேதான் பண்ணி வச்சிருந்தார். எனக்கு ஆத்திரமா வந்துச்சு. திட்ட வாய் வரலை.

அம்மா செத்த தேதியும் அந்த நாலு மாசத்துக்குள்ளதான் வந்து போச்சு.

பேரை எடுத்தவன் யாருன்னு ‘ஹூ ஈஸ்’ கட்டளை சொல்லும். ஆனா இவன் விவரத்தை மறைச்சு வச்சிருந்தான். அவனுக்குப் போய்ச் சேரும்னு அதுல காட்டின வழியில மூணு தடவை எழுதினார், பதில் இல்லை. மிச்சம் இருந்தது அவனோட கெடு தேதி மட்டும்தான். ஒரு வருஷத்துக்குத்தான் எடுத்திருந்தான். புதுப்பிக்காம விட்டா, பேர் திரும்ப வெளியே வரும், நாம பிடிச்சிடலாம்னு மேஜைக் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருந்தார்.

வட்டம் போட்ட நாள் காலையில நானும் பக்கத்துல நின்னேன். தட்டினார். கெடு தேதி ஒன்பது வருஷம் தள்ளிப் போயிருந்துச்சு.

“அப்ப அவளுக்கு முப்பத்தெட்டு ஆயிருக்கும்மா”ன்னார்.

தன் வயசைக் கூட்டிப் பார்க்கலை. போன் அடிச்சுது. எடுத்து, “சொல்லுங்க சார்”னார்.

மனசு கேட்காம, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல என் போன்லேருந்து அண்ணனோட அந்தப் பழைய முகவரிக்கு ஒரு மெயில் போட்டேன். என்ன எழுதறதுன்னு தெரியலை. “அண்ணே”ன்னு மட்டும் எழுதினேன். ஒரு நிமிஷத்துல திரும்பி வந்துச்சு. இப்படி ஒரு முகவரி இல்லைன்னு இருந்துச்சு. போன வருஷம் அந்தப் பொண்ணு எழுதியிருந்தா, அவளுக்கும் இதுதான் வந்திருக்கும். அப்பா கதவைச் சாத்திட்டார்னுதானே நினைச்சிருப்பா.

அவர்கிட்ட நான் சொல்லலை. அவருக்குத் தெரியாததா என்ன. மறுநாள் ஒன்பது மணிக்கு மறுபடியும் தட்டினார்.