ஒரு நாள் முந்திய திதி

நான் ஞானஸ்நானம் பெற்றவன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். பிரசங்கத்தின்போது மட்டும் தூங்குகிறவன். அப்படிப்பட்டவன் கையில் அமாவாசையையும் அஷ்டமியையும் யார் ஒப்படைத்தது என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். என் நண்பன் ஒப்படைத்தான். அவன் செய்த ஒரே முட்டாள்தனம் அது.

எழுபதுகளில் நாங்கள் இருவரும் ஒரு கப்பல் கம்பெனியின் கணினிப் பிரிவில் இருந்தோம். கணினி என்றால் இன்று மேசைமேல் உட்காரும் சாமான் அல்ல. ஓர் அறையை முழுக்க அடைத்துக்கொண்டு, எங்களைவிட அதிகமாக ஏர்கான் அனுபவித்த ஜந்து. அதனிடம் எதைச் சொல்வதானாலும் அட்டைகளில் துளையிட்டுத்தான் சொல்ல வேண்டும். துளையிடும் பெண்களில் ஒருத்தியை அவன் கல்யாணம் செய்துகொண்டான். நானும் முயன்றிருப்பேன். அவள் என்னை முதல் நாளே "அண்ணே" என்று கூப்பிட்டு விஷயத்தை முடித்துவிட்டாள்.

சிராங்கூன் சாலைக் கடைகளில் விற்கிற பஞ்சாங்கம் தமிழ்நாட்டில் அச்சானது. சிங்கப்பூரில் சூரியன் அங்கே உதிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே உதித்துவிடும். சூரியன் உதிக்கும்போது நடக்கிற திதிதான் அந்த நாளின் திதி; அதனால் சில நாட்களில் திதி மாறும். இந்த ஊருக்கென்று ஒரு பஞ்சாங்கம் வேண்டுமென்று அவன் ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினான். அட்டைகளை அடித்துக்கொடுத்தது அவன் மனைவி. ஈஸ்டர் கணக்கிடும் பகுதி மட்டும் என்னுடையது.

"அண்ணே, உங்க பகுதியில தப்பு வந்தா என் பஞ்சிங்தான் தப்புன்னு சொல்லக்கூடாது, ஆமா!" என்பாள். ஒருமுறை அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஒருமுறைதானா என்று கேட்காதீர்கள்.

அந்த அட்டைக்கட்டின் தலைப்பில் நண்பன் ஒரு குறிப்பு வைத்தான். யாரும் இதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். திருத்தினால் என்ன தப்பு, ஏன் திருத்தினீர்கள் என்று எழுதி எங்களுக்கும் அனுப்ப வேண்டும். பினாங்கில் ஒருவர் எடுத்துக்கொண்டார். ஈப்போவில் ஒரு கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டு, மாதம் ஒரு கடிதம் போட்டு எங்கள் உயிரையும் எடுத்தார்.

அரசாங்கம் ஊர்க் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்த வருடம், புரோகிராமைத் திறந்தே ஆக வேண்டியிருந்தது. அதே சமயம் ஆபீசுக்குப் புது மெஷினும், புரோகிராமை மெஷின் பாஷைக்கு மாற்றிக்கொடுக்கும் கம்பைலரும், ஃபோர்ட்ரானின் புதிய தரத்துக்கு எழுதியது, வந்து இறங்கின. பழைய தரத்திலேயே நிற்பதா, புதியதற்கு மாறுவதா? சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், தே தாரிக் டீக் கிளாசுகளுக்கு நடுவே இந்தப் பிரச்சினையை வாரக்கணக்கில் அலசினோம்.

"பழசுலயே இருக்கட்டும்டா. புது கம்பைலர்ல ஒரு சுவிட்ச் இருக்கு. அதைப் போட்டா எல்லாம் பழைய மாதிரியே ஓடும்" என்றான்.

"புதுக் கார் வாங்கி முன்னாடி மாட்டைப் பூட்டச் சொல்றியா?"

"ஈப்போ வாத்தியார்கிட்ட பழைய மெஷின்தான் இருக்கு. அவரு என்ன பண்ணுவாரு?"

"அவருக்கு நாம பிரிண்ட் எடுத்து போஸ்ட்ல அனுப்புவோம் லா. இனிமே லெட்டர் போடுற வேலையாவது மிச்சமாகும்."

சிரித்தானே தவிர ஒத்துக்கொள்ளவில்லை. "பத்து வருஷமா ஓடுற கோடு. நாம எழுதினது பாதி, அந்தப் பழைய கம்பைலரோட குணத்தை நம்பி எழுதினது பாதி. எது எதுன்னு எனக்கே தெரியாது" என்றான்.

இந்த வாக்குவாதம் முடியுமுன் அவன் மனைவிக்கு உடம்புக்கு வந்தது. நாலு மாதம். பிறகு அவள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று அவன் என் மேசைக்கு வந்து நின்றான். "நீ சொன்னபடியே புது ஸ்டாண்டர்டுக்கு மாத்திடுடா. என்னால இப்ப எதையும் முடிவு பண்ண முடியல."

வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று நான் நினைத்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை, அன்று மாலையே மாற்ற ஆரம்பித்துவிட்டேன்.

மாற்றி முடித்ததும் சரிபார்த்தேன். என் லட்சணத்துக்கு எப்படிச் சரிபார்ப்பேன்? அரசாங்கம் வெளியிடும் விடுமுறைப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டேன். தைப்பூசம் சரி. தீபாவளி சரி. பெரிய வெள்ளி மிகவும் சரி. லீவு கிடைக்காத நாளும் யாருக்காவது முக்கியமாக இருக்கும் என்பது என் புத்தியில் தோன்றவே இல்லை. எங்களுக்கு இறந்தவர்களின் நினைவு நாள் என்றால் காலண்டர் தேதி. வருடா வருடம் அது இடம் மாறாது.

அவளுடைய முதல் வருடத் திதி வந்தது. வளர்பிறை தசமி. அதற்குப் பத்து நாள் முன்னால், சாப்பாட்டு வேளையில் நண்பன் கேட்டான்.

"இந்தியப் பஞ்சாங்கம் புதன்கிழமைங்குது. நம்ம லிஸ்ட் செவ்வாய்ங்குது. பாத்துட்டியா?"

நான் நாசி லெமாக் என்கிற தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வித்தியாசம் வரும்னுதானேடா நீ இதையே எழுதினே? நம்ம லிஸ்ட்தான் கரெக்ட். எல்லாம் செக் பண்ணிட்டேன்."

"சரி" என்றான்.

செவ்வாய்க்கிழமை ஈசூனில் அவன் வீட்டில் திதி கொடுத்தார்கள். அவளுடைய தம்பி ஜொகூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். நான் வேலையில் இருந்தேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஈப்போ வாத்தியாரின் கடிதம் வந்தது. "இந்த வளர்பிறையில் சப்தமி இரண்டு நாள் நீள்கிறது. என் பழைய மெஷினில் பழைய புரோகிராம் அதைச் சரியாகக் காட்டுகிறது. தாங்கள் அனுப்பிய பட்டியலில் இரண்டாவது சப்தமியைக் காணோம். அதற்குப்பின் எல்லாத் திதிகளும் ஒரு நாள் முந்தி ஓடுகின்றன. பௌர்ணமிக்கு முந்தைய நாளுக்கு எதிரே வெறும் கட்டம்தான் இருக்கிறது. கவனிக்கவும்."

கவனித்தேன். ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. திதி மாறாமல் நீளும் நாளில், புரோகிராமில் நாட்களை நிரப்பும் 'லூப்' என்கிற சுற்றுக்குச் செய்ய வேலை எதுவும் இருக்காது. பழைய கம்பைலர் வேலை இல்லாவிட்டாலும் ஒரு முறை உள்ளே போய்ச் சுற்றிவிட்டுத்தான் வரும். அந்த ஒரு சுற்றில்தான் நண்பன் அந்த நாளை நிரப்பியிருந்தான். புதிய தரம் யோக்கியமானது. வேலை இல்லையென்றால் உள்ளேயே போகாது. ஒரு நாள் விழுந்துவிட்டது.

போனில் சொல்லியிருக்கலாம். ஐந்து எண்கள் வரை சுழற்றினேன். ஆறாவதில் விரலை வைத்துக்கொண்டு, இது நேரில் சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வயிற்றுவலி என்று மேலாளரிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து அவரே டாக்சியில் போகச் சொன்னார். நான் பஸ்ஸில் போனேன். டாக்சி சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும் அல்லவா?

பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. இங்கே சூரியன் முந்தி உதிப்பதால், வித்தியாசம் வந்தால் நம் திதி ஒரு நாள் பிந்தித்தான் வர முடியும்; முந்தி வரவே முடியாது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். துக்கத்தில் அவன் மறந்துவிட்டான். நான் தேங்காய்ச் சோற்றில் மறந்தேன்.

"அவசரப்படாதே, அவசரப்படாதே" என்று ஈசூன் வரும்வரை சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவி எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தாள்.

பதினொன்றுக்கு அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். லீவில் இருந்தான். சவரம் செய்திருந்தான். அவள் போனதிலிருந்து அவன் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

"என்னடா இந்த நேரத்துல? வா வா, நேத்து வடை இருக்கு."

"சும்மாதான். இந்தப் பக்கம் வந்தேன்."

"ஈசூன் பக்கம் யாருடா சும்மா வருவா?" என்று சிரித்தான். பிறகு வடைத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "நேத்து ரொம்பத் திருப்தியா இருந்துச்சுடா. இலையைக் கொண்டுபோய்க் கீழே வெச்சேன், உடனே காக்கா வந்துடுச்சு. அவ வந்து சாப்பிட்ட மாதிரியே இருந்துச்சு" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். வடையைப் போட்டு மூடிக்கொண்டேன். அந்தக் காக்கா டயட்டில் இல்லை போலிருக்கிறது என்று ஏதோ ஒரு ஜோக் அடித்தேன். அவன் சிரித்தான். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. பன்னிரண்டு. நான்காவது வடை. ஒரு மணிக்குப் பஸ் ஏறினேன்.

அந்த வாரமே கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபோர்ட்ரான் சுற்று ஒன்று ஒரு முறை குறைவாகச் சுற்றியதைப் பாவமென்று அறிக்கையிட்டவன் திருச்சபையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஃபாதர் கடைசிவரை கேட்டார். பிறகு, "அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றார்.

"இல்லை ஃபாதர்."

"அப்புறம் எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

அப்போதும் நேரில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. புரோகிராமைத் திருத்தினேன். எங்கள் வழக்கப்படி திருத்தக் குறிப்பு எழுத வேண்டும். எழுதினேன்: எந்தச் சுற்று, ஏன் தப்பு, யார் மாற்றியது, எந்தத் தேதியில் தெரியவந்தது. முழு உண்மை. பினாங்குக்கு ஒன்று, ஈப்போவுக்கு ஒன்று, அவன் மேசைக்கு ஒன்று என்று பிரிண்ட் அனுப்பிவிட்டு, கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பி வந்தபோது அவன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தாள் அவன் மடியில் இருந்தது.

"இதுல போட்டிருக்கிற தேதி புதன்கிழமை. அன்னிக்குத்தானே வீட்டுக்கு வந்தே?"

"ஆமா."

"வந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"மத்தியானம் வரைக்கும் நேரம் இருந்துச்சேடா. ஐயர்கூட வேணாம். ஒரு பிடி சோறு வெச்சிருப்பேனே."

"பழைய ஸ்டாண்டர்டுக்கே மாத்திடறேன்டா. இன்னிக்கே மாத்திடறேன்" என்றேன்.

அவன் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினான். "எது வேணும்னாலும் பண்ணுங்க" என்றான்.

பண்ணுங்க. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அதன்பின் அதே அறையில் மூன்று வருடம் வேலை பார்த்தோம். ஒருநாள்கூட அவன் என்னிடம் மரியாதை தவறவில்லை.

பழைய தரத்துக்கே மாற்றினேன். அடுத்த வருடம் அவளுடைய திதியை மெஷினில் ஒரு முறை, கையால் ஒரு முறை, ஈப்போவுக்கு எழுதிக் கேட்டு ஒரு முறை என மூன்று விதமாகச் சரிபார்த்து, தாளில் எழுதி அவன் மேசைக்குக் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்தான். மடித்தான். "தேங்க்ஸ்" என்றான். அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பக்கம் கிழித்து வைக்கப்பட்டிருந்தது. சிராங்கூன் சாலைக் கடையில் விற்கும் பஞ்சாங்கத்தின் பக்கம். அதே தசமியைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தான்.