போரபண்டா மேட்டில் பறந்த கவர்கள்

சனத்நகரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கொண்டாப்பூரில் என் அலுவலக வாசல் வரை சுமார் பதினோரு கிலோமீட்டர். காலை நேரத்தில் ஆட்டோக்காரர் இருநூறு ரூபாய்க்குக் குறைந்து வரமாட்டார். நெரிசல் பிடித்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் புகை குடிக்க வேண்டும். சைக்கிளில் ஐம்பது நிமிடம். மூன்று வருடமாக நான் சைக்கிள்தான். இமயமலை போய்வந்தவர்கள் எழுதுவதையெல்லாம் படிக்கிறீர்களே, போரபண்டா போய்வருகிற என்னுடையதையும் கொஞ்சம் படியுங்கள்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினேன். ஐதராபாத்தில் ஜூன் பிறந்தால் மழைக்கு முன்னால் காற்று வந்துவிடும். அது மேற்கிலிருந்து அடிக்கும்; நான் போவதும் மேற்கே. பட்டறைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறும் சத்தத்தோடு தொழிற்பேட்டையைக் கடந்து போரபண்டாவுக்குள் நுழைந்தால் ஒரு மேடு வரும். உட்கார்ந்து மிதித்தால் ஏறாது, எழுந்து நின்றுதான் மிதிக்க வேண்டும்.

இந்த ஊர் டிபன் வண்டிகளைப் பார்த்திராதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தள்ளுவண்டியை இங்கே ‘பண்டி’ என்பார்கள். பண்டியில் தட்டைக் கழுவுவதில்லை. தட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் கவரை விரித்து, அதன் மேல் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்துத் தருவார்கள். சாப்பிட்டதும் கவரை உருவிப் போட்டுவிட்டால் தட்டு பளிச்சென்று இருக்கும். சுத்தம் என்று எல்லோரும் நம்புகிறோம். நானும் நம்பிச் சாப்பிட்டவள்தான். உருவிய கவர் எங்கே போகிறது என்று அதுவரை நான் கேட்டதில்லை.

அன்று அது என் முகத்துக்கே வந்தது, சட்னி வாசனையோடு. அதைப் பிய்த்து எடுப்பதற்குள் இன்னொன்று பின்சக்கரத்துக் கியருக்குள் சுற்றிக்கொண்டது. செயின் சிக்கி நின்றது, சைக்கிள் சாய்ந்தது, முழங்கைத் தோல் தார்ச்சாலையோடு போனது. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டு, என்னை இடிக்க இரண்டடி இருக்கும்போது நின்றது. சைக்கிளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

“போதும்டி. பஸ்ஸு அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?” என்றார் என் கணவர் சங்கர், மாலையில் மருந்து போட்டபடி. மதுரையை விட்டு வந்து பன்னிரண்டு வருடமாகியும் அவர் பேச்சை விட்டு ஊர் போகவில்லை. “ஆபீஸ்ல ஒருத்தரு சைக்கிள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கச் சொல்லிட்டேன்.”

“என்னையக் கேக்காமலா?”

“கேட்டா ஒத்துக்கிருவியாக்கும்?”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அந்த ஐம்பது நிமிடத்தில்தான் நான் யாருக்கும் அம்மாவும் இல்லை, மேலாளரும் இல்லை. அதை ஒரு பிளாஸ்டிக் கவரிடம் தோற்கவா? “வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த மேட்டுல கவர் பறக்காமப் பண்ணிக் காட்டுறேன். முடியலைன்னா வித்துக்கங்க” என்றேன்.

“காத்தையே நிறுத்தப் போறா பாரு” என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை ஒரு சாக்கோடு சீக்கிரமே கிளம்பி, மேட்டில் கிடந்த கவர்களைப் பொறுக்கினேன். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. முன்னால் பொறுக்கிக்கொண்டு போக, பொறுக்கிய இடத்தில் புதிதாக வந்து விழுந்தன. நிமிர்ந்து பார்த்தேன். எல்லாம் மேட்டின் உச்சியில் என் பக்கத்துச் சாலையோரம் இருந்த ஒரு பண்டியிலிருந்து வந்துகொண்டிருந்தன.

வழியெல்லாம் கூட்டிவைத்திருந்த தெலுங்கில் நான் சண்டையை ஆரம்பிக்க, தோசை ஊற்றிக்கொண்டிருந்தவர் நல்ல தமிழில் பதில் சொன்னார். பெயர் டேனியல், நாற்பது வயதிருக்கும். செகந்திராபாத் ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த குடும்பமாம். அவர் தமிழில் இந்த ஊர் உருதுவும் கலந்து வரும்: ‘கைக்கு’ என்றால் ஏன், ‘நக்கோ’ என்றால் வேண்டாம், ‘ஹவ்’ என்றால் சரி.

“கைக்கு அக்கா கோபம்? ரோட்டுலயா போடறேன்? டிரம் வச்சிருக்கேன் பாருங்க.”

டிரம் இருந்தது. சாப்பிட்டவர்கள் ஒழுங்காக அதில்தான் போட்டார்கள். ஆனால் கவருக்கு எடை ஏது? காற்று ஒரு வீசு வீசினால் மேலாக இருந்த இரண்டு மூன்று கிளம்பிவிடும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்.

புதன்கிழமை வீட்டிலிருந்து ஒரு பழைய மூடியைக் கொண்டுபோய் டிரம்மின் மேல் போட்டேன். படித்தவளின் யோசனை! சாப்பிட்டவருக்கு ஒரு கையில் தட்டு, இன்னொரு கை எச்சில். மூடியை எந்தக் கையால் தூக்குவது? எல்லோரும் கவரை மூடியின் மேலேயே வைத்துவிட்டுப் போக, முன்பைவிட அதிகமாகப் பறந்தது. டேனியல் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐம்பது ரூபாய்க்கு ஒரு பெசரட்டு, அதாவது பச்சைப்பயறு தோசை, வாங்கித் தின்றேன். பிரமாதமாக இருந்தது.

கை கழுவுவதற்கு, பத்தடி தள்ளி சாக்கடை ஓரம், ஒரு ஸ்டூலில் குழாய் வைத்த தண்ணீர்க் கேன் இருந்தது. அங்கே ஈரத் தரையில் இரண்டு கவர்கள் கிடந்தன. காற்று என் துப்பட்டாவையே பறிக்கப் பார்த்தது. அந்த இரண்டும் அசையவில்லை.

“டேனியல், இந்தக் கேனைத் தூக்கி டிரம்முக்கு மேல வைங்க. கை கழுவுற தண்ணி கவர் மேலயே விழட்டும்.”

“நக்கோ அக்கா! கை கழுவுற எடத்துல எச்சில் கவர் கெடந்தா கஸ்டமர் மூக்கைப் பொத்திக்கினு அடுத்த பண்டிக்குப் போயிருவான். நான் என்ன பண்ணுவேன்?”

அவர் பயமும் நியாயம்தான். அவருக்கு அது பிழைப்பு. “ரெண்டு நாள் பாருங்க. ஒரு ஆள் குறைஞ்சாலும் நானே வந்து எடுத்து வைக்கிறேன்” என்றேன். கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டார்.

“ஹவ். ரெண்டே நாள்.”

வியாழக்கிழமை போனபோது அவரே டிரம்மின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சாக்கடை விளிம்பில் நிறுத்தி, அருகில் உயரமான ஸ்டூலில் கேனை வைத்திருந்தார். வந்தவர்கள் கவரைப் போட்டார்கள், அங்கேயே கையை நீட்டிக் கழுவினார்கள். கவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்தன. ஒருவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். ஆனால் அன்று காற்றே இல்லை. காற்றில்லாத நாளில் ஜெயித்து என்ன பயன்?

வெள்ளிக்கிழமை வந்ததே காற்று! மரக்கிளைகள் முறிந்து கிடந்தன, கடைப் பலகைகள் தடதடவென்று அடித்தன. போரபண்டா மேட்டின் அடியில் எழுந்து நின்று மிதித்தேன். புழுதி வந்தது, புங்க இலை வந்தது, ஒரு செய்தித்தாள் பக்கம் தலைக்கு மேலே பறந்துபோனது. முகத்தில் கவர் வந்து அறையும் என்று பாதி மேடு வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஏறினேன். ஒன்றுகூட வரவில்லை. காலை ஊன்றாமல் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது “ஏறிட்டேன்!” என்று கத்திவிட்டேன். இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டேனியல் கரண்டியைத் தூக்கி ஆட்டினார். “ஒண்ணுகூட எழும்பல அக்கா! ஆளும் கொறையல. நடக்காமயே கை கழுவறோம்னு குஷியாத்தான் இருக்கானுங்க. எதிர் பண்டிக்காரன் வந்து பாத்துட்டுப் போனான், அவனும் டிரம்ல ஓட்டை போடறான்.”

சாலையின் எதிர்ப்புறம் ஆணி அடிக்கும் சத்தம் நிஜமாகவே கேட்டது. அன்று எனக்கு வந்த சந்தோஷம், வேலை உயர்வு கிடைத்த நாளில்கூட வந்ததில்லை.

எங்கள் மதுரையில் இலையில்தான் போடுவார்கள் என்று பெருமை பேச எனக்கும் ஆசைதான். ஆனால் போன தடவை ஊருக்குப் போனபோது மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் என் இட்லிக்கு அடியிலும் இதே கவர்தான் இருந்தது. கவரே இல்லாத காலம் வரட்டும். அதுவரை அது பறக்காமலாவது இருக்கட்டும்.

அங்கிருந்தே சங்கருக்குப் போன் போட்டேன். நான் பேசுவதற்கு முன்பே காற்றின் இரைச்சல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“விழுந்துட்டியா?” என்றார் பதறி.

“ஏறிட்டேங்க. ஒத்தக் கவர்கூட பறக்கல.”

“அப்ப ஞாயித்துக்கிழமை வர்றவருகிட்ட என்னத்தைச் சொல்ல?” என்றார்.

“சொந்தமா ஒண்ணு வாங்கிக்கிரச் சொல்லுங்க. திங்கக்கிழமை காலையில என் கூட வரட்டும், வழி நான் காட்டுறேன்.”