சந்தானத்தின் இலவசப் படிப்பு

1914ஆம் ஆண்டு ஆடி மாதம். கல்கத்தாவில் பாலிகஞ்சில் குடியிருந்த சந்தானத்துக்குக் காலேஜில் இரண்டாம் வருஷம். அவன் சேர்ந்தபோது அப்பா ஸ்ரீனிவாசராகவன் ஒரு கம்பெனியில் சாதாரண குமாஸ்தா. பையனுக்கு நல்ல மார்க்கு, வீட்டில் குறைந்த வரும்படி. அதனால் ஃபீஸ் இல்லாமல் இடம் கிடைத்தது. மார்க்கு குறையக் கூடாது; வருஷா வருஷம் தகப்பனார் வரும்படியை எழுதிக் கையெழுத்தோடு தர வேண்டும்.

மார்க்குக்காக சந்தானம் உயிரை விட்டுப் படித்தான். இடித்தது வரும்படிதான். வைகாசியில் அப்பா தலைமைக் குமாஸ்தா ஆகிவிட்டார்.

“அப்பா, இப்போ உங்களுக்கு ஜாஸ்தியாயிடுத்தே. எதை எழுதறது?”

“பழசையே எழுது. ஆபீஸுக்கு வந்து விசாரிக்கவா போறா?”

எழுதினான். இலவசமாகப் படிக்கிற கெட்டிக்காரன் என்ற பெயரை விட அவனுக்கும் மனசில்லை.

அந்த வருஷத்து இலவச இடப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் நிருபேன். ஒரே பெஞ்சுக்காரன், சந்தானத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், அந்த வருஷம்தான் தகப்பனாரைப் பறிகொடுத்தவன். பூஜை விடுமுறை முடிந்து காலேஜ் திறந்தபோது நிருபேன் வரவில்லை.

கார்த்திகையில் சியால்தா ஸ்டேஷனில் அவனைப் பார்த்தான். பார்சல் ஆபீஸ் வாசலில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். சந்தானம் கூட்டத்தோடு நழுவப் பார்த்தான். அதற்குள் நிருபேன் கூப்பிட்டுவிட்டான்.

“ஒரே ஓர் இடம்தான் குறைந்ததாம், சகோதரா” என்றான் வங்காளியில். “போகட்டும். உன் வீட்டிலும் கஷ்டம்தானே? உனக்காவது கிடைத்ததே!” பசை ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தோளைத் தட்டினான்.

திட்டியிருந்தால் சந்தானம் தாங்கியிருப்பான். அன்று சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. மறுநாள் பிரின்சிபாலிடம் போய் உண்மையைச் சொன்னான். அப்பா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார் என்று அதிலும் ஒரு பொய்யைச் சேர்த்தான்.

“நீயாக வந்து சொன்னதால் உன்னை வெளியே அனுப்பவில்லை. சலுகை இன்றோடு போயிற்று” என்றார் அவர்.

“அந்த இடத்தை நிருபேனுக்கு...”

“கடிதம் போடுகிறேன்.”

நிருபேன் பதில் எழுதினான். அம்மாவையும் இரண்டு தங்கைகளையும் காப்பாற்ற வேண்டும், வேலையை விட முடியாது என்று. இடம் வேறொருவனுக்குப் போயிற்று. அப்பா ஃபீஸைக் கட்டினார்; ஒரு மாதம் மகனிடம் பேசவில்லை.

சந்தானம் பி.ஏ. தேறி பாங்கில் அமர்ந்தான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு நாள் மனைவி பாகீரதியிடம் இதைச் சொன்னான்.

“பிரின்சிபால்கிட்டே சொன்னேள், சரி. அந்த நிருபேன்கிட்டே?”

“அவன்கிட்டே சொல்லலை” என்றான் சந்தானம். சியால்தா பக்கம் போவதையே நிறுத்திவிட்டு, ஆபீஸுக்கு டிராமில் சுற்றிக்கொண்டு போய்வந்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.