ரேடியோ குருமடத்துக்குப் போன கதை

ஆயருக்குக் குருப்பட்டம் கிடைத்து எத்தனையோ வருஷம் நிறைகிறதாம், சிறப்பு மலர் போடுகிறார்களாம். அதற்காக இரண்டு இளம் சாமியார்கள் என்னைத் தேடி வந்தார்கள். நாற்காலி நுனியில் பவ்யமாக உட்கார்ந்துகொண்டு, ஆண்டவருடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா என்றார்கள். யாரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எனக்கு முதலில் புரியவே இல்லை. ஆண்டவர் என்று அவர்கள் சொன்னது பிஷப்பாகிவிட்ட என் தம்பியைத்தான் என்று பிறகுதான் உறைத்தது. சின்ன வயதிலேயே முழங்காலில் நின்று ஜெபிப்பாரா, ஏழைகளைக் கண்டால் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுவாரா என்றெல்லாம் துருவினார்கள். தலையைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்ததா என்று கேட்காததுதான் குறை. மூன்று வயதில் துணிக்குப் போடும் கஞ்சித் தொட்டிக்குள் விழுந்து தலை முதல் கால் வரை வெள்ளையாக எழுந்து வந்தான், வேறு எந்த ஒளியும் நான் பார்த்ததில்லை என்றேன். அவர்கள் அதை எழுதிக்கொள்ளவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா லாண்டரி வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு, மேலே மொட்டை மாடி முழுக்கக் கொடிக்கயிறு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு திரை. அதுவும் யாரோ வாங்க மறந்துபோன படுக்கை விரிப்பு. தம்பிக்கு இரண்டு வயது ஆவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் அவனைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அன்றிலிருந்து எனக்கு ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, இன்னொரு கையில் அவன். இரண்டும் சூடாகவே இருக்கும், இரண்டையும் கண்ட இடத்தில் வைத்துவிட முடியாது.

துணி மாறிப் போகக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் கழுத்துப் பட்டையின் உள்பக்கம் அழியாத மையில் ஓர் எழுத்து போட்டுவைப்போம். அவன் எழுத்து கற்றுக்கொண்டது அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு டீச்சர் பலகையில் 'க' எழுதி இது என்ன என்று கேட்டதற்கு, "தையல்காரர் வீடு. கஞ்சி கம்மியா போடணும்" என்றானாம். மறைக்கல்வி வகுப்பில் மட்டும் கெட்டிக்காரன். கேட்ட கேள்விக்கும் பதில் சொல்வான், கேட்காத கேள்விக்கும் சொல்வான்.

வாய்தான் அவனுக்குச் சனி. இதை விளக்க வேண்டுமென்றால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். துணியை ஊறப்போடுவதற்கு முன் பாக்கெட்டுகளைத் துழாவுவோம். கிடைப்பதை ஒரு சின்னக் கவரில் போட்டு ஒட்டி, வெளுத்த துணியோடு ஊக்கு குத்திக் கொடுத்துவிடுவோம். உள்ளே என்ன இருந்தது என்று மூச்சு விடக் கூடாது. நம்மிடம் வெளுக்க வந்தது துணி, ஆள் இல்லை என்பார் அப்பா. கை சின்னது, மூலை வரைக்கும் போகும் என்று பாக்கெட் துழாவுகிற வேலையை அவனுக்குக் கொடுத்ததுதான் தப்பு.

ஒரு நாள் தையல்காரரின் மனைவி துணி வாங்க வந்தாள். இவன் சிரித்த முகத்தோடு, அண்ணன் பாக்கெட்டில் இரண்டு சினிமா டிக்கெட் இருந்ததே, படம் நன்றாக இருந்ததா அக்கா என்று கேட்டான். அவள் அந்த வருஷம் சினிமா பக்கமே போகவில்லை. தையல்காரர் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தன் தையல் கடையிலேயே படுத்துக்கொண்டார். அவருடைய துணிகள் அடுத்த தெரு லாண்டரிக்குப் போய்விட்டன. விளையாட்டு ஆசிரியர் மீசைக்குச் சாயம் பூசுகிற விஷயமும் இவன் புண்ணியத்தில்தான் பள்ளிக்கூடம் பூராவும் பரவியது. தெருவில் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வந்தது. ரேடியோவையாவது அணைக்கலாம்.

அவனுக்குப் பிடித்த விளையாட்டு பாவசங்கீர்த்தனம். இஸ்திரி மேசையைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொள்வான். தெருப் பிள்ளைகள் வெளியே முட்டிபோட்டு, போர்வைக் கிழிசல் வழியாகத் தங்கள் பாவங்களைச் சொல்வார்கள். ஐயா பரிகாரம் கொடுப்பார். அது பெரும்பாலும் ஈரத்துணிக் கூடையை மாடிக்குத் தூக்கிப்போவது, அதாவது அவனுக்கு நாங்கள் சொல்லியிருந்த வேலை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சாப்பிடும்போது அத்தனை பேருடைய பாவத்தையும் ஒன்று விடாமல் அப்பாவிடம் ஒப்பிப்பான். விஷயம் தெரிந்த அன்றைக்குப் பிள்ளைகள் வாளியை நிமிர்த்தி, தண்ணீர் நிரப்பி, அவன் தலையில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

இப்படிப்பட்டவன் பன்னிரண்டு வயதில் ஒரு நாள், கோயில் பீடத்துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, தான் சாமியாராகப் போவதாக அறிவித்தான். அப்பா இஸ்திரி போடுவதை நிறுத்தாமலே "நீயா?" என்றார். பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டான். ஒல்லியான மனிதர், சிரித்தால் இருமல் வந்துவிடும். அன்றைக்கு வெகு நேரம் இருமினாராம். பிறகு அவனை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்: பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே விடக் கூடாது. உனக்குக் கேட்டது காதுக்குள் போகுமுன் வாய்க்கு வந்துவிடுகிறது. அடுத்த வருஷம் சாமியார் படிப்புக்குக் குருமடம் திறக்கும் வரை பார்க்கிறேன். அதுவரை யாருடைய பாக்கெட் விஷயமும் என் காதுக்கு வராமல் இருந்தால் உன் பேரைக் கொடுக்கிறேன், வந்தால் அந்தப் பேச்சை விட்டுவிடு.

வீட்டுக்கு வந்து விரிப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதான். கஞ்சித் தொட்டியில் விழுந்தபோதும் அழாதவன், வாளித் தண்ணீருக்கும் அழாதவன். அப்போதுதான் இது விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாடு இருக்கிறதே! பாக்கெட் துழாவும்போது உதட்டில் துணிக் கிளிப்பை மாட்டிக்கொள்வான். தெரு சும்மா இருக்குமா? வேண்டுமென்றே வந்து, என்னடா ரேடியோ, இன்றைக்கு என்ன செய்தி என்று வாயைக் கிண்டுவார்கள். முகம் சிவந்து, கன்னம் உப்பி, வந்த சொல்லை மென்று விழுங்கிவிட்டு மாடிக்கு ஓடுவான். பார்க்கப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். சிரித்ததுதான் அதிகம்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை எங்கள் வாடிக்கையாளர், லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். அழுக்குச் சட்டையைக் கொடுக்க வெட்கப்பட்டு, வீட்டில் ஒரு தடவை அலசிவிட்டுத்தான் கொண்டுவருவார். லாண்டரிக்கு அலசிய துணி கொண்டுவந்த மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை. மனைவி இறந்துபோனவர், பிள்ளை குட்டி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெளியூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவார் என்று அத்தை விசாரித்து வந்து சொன்னாள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பூசையில் அறிவிப்பது. முதல் ஓலையில் பங்குத்தந்தை 'தடை' என்று சொன்னதும், கோயிலே திரும்பி, பூசைக்கு உதவியாகப் பீடத்துக்குப் பக்கத்தில் மணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் தம்பியைப் பார்த்தது. அவன் கூரையைப் பார்த்தான். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான்.

இரண்டாவது ஓலையும் ஆயிற்று. அந்த வாரம் லிஃப்ட்காரர் கல்யாணத்துக்குப் போட வைத்திருந்த கோட்டை வெளுக்கக் கொடுத்தார். அது மட்டும் அலசாமல் வந்தது. மறுநாள் அதைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகத் தம்பி கிளம்பினான். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க ஆசை போலிருக்கிறது என்று அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தவன் சரியாகச் சாப்பிடவில்லை. உதட்டில் கிளிப் இல்லாமலே பேசாமல் இருந்தான். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் லிஃப்ட்காரர் கடைக்கு வந்தார். கையில் துணி இல்லை. அப்பா மாடியில் இருந்தார். என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றவர், மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஆறு வயது. தங்கச்சி வீட்டில் விட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கத்தான் போகிறார். பிள்ளை இருக்கிறது என்று தெரிந்து இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போனதாம். கல்யாணத்துக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாராம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளை இருந்ததால் இல்லை, என்னிடம் மறைத்ததால். இப்போது மட்டும் எதற்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உங்க தம்பி வந்தான்" என்றார். "கோட்டுப் பாக்கெட்ல என் மக பல்லு இருந்திருக்கு. முதல் பல்லு விழுந்துச்சுன்னு என் கையில கொடுத்தா, பத்திரமா பாக்கெட்ல வச்சேன், வெளியே எடுக்க மறந்துட்டேன். அந்தக் கவரை என்கிட்ட கொடுத்துட்டு, யார் பல்லுன்னு கேட்டான், மறைக்க முடியாம சொல்லிட்டேன். அப்புறம் சொன்னான், 'மாமா, இதை நான் யார்கிட்டயும் சொல்லல. ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. அதுக்குள்ள அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க'ன்னு."

"சொல்லலேன்னா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். வரேன் மாமான்னுட்டுக் கிளம்பிட்டான்."

அவரை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவர் போனதும், உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவனைப் பிடித்து உலுக்கினேன். ஊர் பாக்கெட்டையெல்லாம் ஊருக்குச் சொன்னவனுக்கு, சொந்த அக்கா விஷயத்தில் மட்டும் வாய் ஒட்டிக்கொண்டதா? குருமடத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக என்னைக் கிணற்றில் தள்ளவும் தயாராகிவிட்டாயா? வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவன் பாட்டுக்கு அடுத்த துணியை எடுத்து மடித்தான். அது என் கோபத்தை இன்னும் ஏற்றியது.

அதே கோபத்தோடு, மறுநாள் ஓலையை நிறுத்திவைக்கச் சொல்லப் பங்குத்தந்தையிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னிக்குக் காலையில உன் தம்பி வந்திருந்தான்" என்றார். "என் பேரைக் கொடுக்க வேண்டாம் ஃபாதர், நாளைக்கு நான் வாயைத் திறக்க வேண்டி வரலாம்னான். என்ன விஷயம்னு எப்படி எப்படியோ கேட்டுப் பார்த்தேன். அது என்னோடது இல்ல ஃபாதர்னுட்டான். அழுதுட்டே போனான்."

காலையில். லிஃப்ட்காரர் வந்தது மத்தியானம். அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாதபோதே இவன் போய் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் நான் அவனைப் பிடித்து உலுக்கினேன். எனக்கு அழுகை வந்தது, பங்குத்தந்தை முன்னாலேயே அழுதேன். பேரைக் கொடுக்கத்தான் போகிறேன், நீ வீட்டுக்குப் போ என்றார் அவர்.

வீட்டில் அவன் இன்னும் மடித்துக்கொண்டிருந்தான். எதிரே போய், ஒரு விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். எதிரும் புதிருமாக நின்று நாலைந்து விரிப்பு மடித்த பிறகு கேட்டேன்.

"அவர் சொல்லாம இருந்திருந்தா என்னடா பண்ணியிருப்ப?"

"நான் சொல்லியிருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அப்பாகூட இஸ்திரி போட்டுட்டு இருந்திருப்பேன்." அடுத்த விரிப்பை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினான். பிறகு, அத்தனை மாதம் அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்ததுபோல, ஒரே மூச்சில் சொன்னான்: "அக்கா, அவர் பொய் சொன்னது தப்புதான். ஆனா அந்தப் பல்லைக் கைக்குட்டையில சுத்தி, நூல் கட்டி வச்சிருந்தார்க்கா. வேற யார் பாக்கெட்லயும் நான் இப்படிப் பார்த்ததே இல்ல. நீ அவரையே கட்டிக்க."

மூன்றாவது ஓலை ஒரு மாதம் தள்ளித்தான் வாசிக்கப்பட்டது. அதற்குள் நான் இரண்டு தடவை அந்தச் சின்னவளைப் போய்ப் பார்த்திருந்தேன். கல்யாணம் ஆகி, அவளைக் கூட்டி வந்த வாரமே குருமடம் திறந்தது. எங்கள் அப்பா கஞ்சி போட்டு, முள் மாதிரி விறைப்பாகத் தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் பஸ் ஏறினான். வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டது, அதனால் அவ்வளவு கஷ்டமாக இருக்காது என்று நினைத்திருந்தேன். இருந்தது.